உடைத்தாள்

மாலைத் தேநீர்க் கோப்பைகளை எடுத்துவிட்டு மேஜையைத் துடைத்தாகிவிட்டால் போதும், அந்த வீட்டில் வாசிப்பு தொடங்கிவிடும். மனைவி கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். கணவர் எதிரே உட்கார்ந்து அச்சுப் படியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். சொற்களை மட்டும் படித்தால் போதாது. எங்கே கால்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி, எங்கே ஒற்று மிகுகிறது என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி அவளுக்கு அதுவே பழகிப்போய், ஒருநாள் கடையில், "சோப்பு கால்புள்ளி, தீப்பெட்டி கால்புள்ளி, மெழுகுவத்தி" என்று கேட்டுவைத்தாள். கடைக்காரர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கணவர் ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவர். க், ச், த், ப் என்று விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் துப்பறிந்து பிடிப்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர், அவர் கையைத் தாண்டி ஒரு பிழை போகாது என்று மேலாளரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த நாலு பேரில் ஒருவருக்காவது, எதிரே உட்கார்ந்து தொண்டை வறளப் படிப்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியிருக்குமா? ஒற்றருக்கே தோன்றியதில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன.

உள்ளறையில் இருமல் சத்தம் கேட்கும். மனைவியின் அக்கா அங்கேதான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தாய் தகப்பன் இல்லாத தங்கையை ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வளர்த்து ஆளாக்கினவள். ஒரு தீ விபத்தில் இரண்டு கைகளும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. சட்டைப் பொத்தானைக்கூடத் தங்கைதான் போட்டுவிடவேண்டும். அன்று குடித்த புகை நெஞ்சிலேயே தங்கி, வயதுக்கு முன்பே அவளைக் கட்டிலில் தள்ளிவிட்டது. மருத்துவர் பெரிதாக நம்பிக்கை ஒன்றும் கொடுக்கவில்லை.

ஒற்றர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். மாத்திரை தீரும் முன்பே வாங்கி வந்துவிடுவார். "அக்கா, காத்து வருதா?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிடுவார். ஆனால், இந்தக் கைக்கு என்ன நடந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தொழிற்சாலை தீப்பிடித்தது, சூப்பர்வைசர் கதவை உடைத்து எல்லாரையும் காப்பாற்றினார், அவரை மேடையில் ஏற்றிப் பாராட்டினார்கள் என்று ஊருக்கே தெரிந்த கதைதான் அவருக்கும் தெரியும். அக்காவையும் யாரோ தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டிருப்பார்கள் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டார்.

போன வருஷம் வரலாற்று ஆசிரியை ஒருவர் இந்த வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் எழுதுகிறவர். ஒற்றர் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் வந்து, அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுப் போனார். பழைய கூட்டாளிகளையும் தேடிப் பிடித்து விசாரித்தார். பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு அக்கா கையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"பேரெல்லாம் வேணாம்மா. எல்லாரும்தான் நின்னோம். அந்தப் பொண்ணு இப்படிச் செஞ்சான்னு பொதுவா எழுதுங்க, போதும்."

தங்கையிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "தம்பிகிட்ட இப்பவே சொல்லிடாதே. அச்சாகி வரட்டும், அவரே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். நானா சொல்லிக்க வெக்கமா இருக்கு."

அன்றிலிருந்து அவள் பிழைத்துக் கிடந்தது அந்தப் புத்தகத்துக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. "வந்துடுச்சா?" என்பதுதான் காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி.

அந்தப் புத்தகம் ஒற்றரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. 'மனிதனின் கதை' என்று தலைப்பு. வாசிப்பு நாள்கணக்கில் நடந்தது. மனிதன் நெருப்பைக் கண்டான், முற்றுப்புள்ளி. விதை விதைத்தான், முற்றுப்புள்ளி. பானை வனைந்தான், துணி நெய்தான், வீடு கட்டினான். ஆசிரியை முதலில் 'மனிதர்கள்' என்றுதான் எழுதியிருந்தாராம். பாடநூல் குழு அதை 'மனிதன்' ஆக்கிவிட்டது. இவ்வளவையும் அவனே செய்துகொண்டிருந்தபோது அவள் எங்கே போய்த் தொலைந்திருந்தாள் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அச்சகத்துக்கென்று ஒரு நடைமுறையும் இருந்தது. பெயர் உள்ளவர்களுக்கு 'ஆர்', பெயர் இல்லாதவர்களுக்கு 'ஆன்'. அரசர் ஆண்டார், தளபதி வென்றார். தொழிலாளி மட்டும் சுரங்கத்தில் இறங்கினான், பாரம் சுமந்தான், செத்தான். பக்கம் பக்கமாக 'ஆன்' கேட்டுக் கேட்டு ஒற்றரின் பேனா அடுத்த 'ஆனு'க்குத் தயாராகக் காத்திருந்தது.

கடைசி அத்தியாயம் வந்தது. மனைவி தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளறையில் இருமல் நின்றிருந்தது. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

"தீப்பிடித்தபோது தொழிற்சாலையின் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது முற்றுப்புள்ளி. ஓர் இளம் தொழிலாளி இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கதவை உடைத்தாள் முற்றுப்புள்ளி. உள்ளே சிக்கியிருந்தவர்களை வெளியேற்றினாள் முற்றுப்புள்ளி. கட்டுப்போட்ட கைகளோடு விசாரணை ஆணையத்தின்முன் நின்று சாட்சி சொன்னாள் முற்றுப்புள்ளி. வேலை நேரத்தில் எந்தக் கதவையும் பூட்டக்கூடாது கால்புள்ளி எல்லாக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும் என்ற சட்டம் நாடு முழுவதற்கும் அதன் பிறகே வந்தது முற்றுப்புள்ளி."

படித்து முடித்தபோது அவள் குரல் தழுதழுத்தது. ஒற்றர் கவனிக்கவில்லை. அவர் பேனா மூன்று இடத்தில் சுழி போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன திருத்தறீங்க?"

"தொழிலாளி உடைத்தாளாம். புத்தகம் பூரா தொழிலாளிக்கு 'ஆன்'தான் வருது, இங்க மட்டும் 'ஆள்'. ஒரே சீரா இருக்க வேணாமா?"

"கையெழுத்துப் படியிலயும் அப்படித்தான் இருக்கு. மூணு எடத்துலயும்."

"எழுதினவங்களுக்குக் கை தவறியிருக்கும்." அவர் சிரித்தார். "பேச்சுல 'ள்'ளை முழுங்கிடுவே, படிக்கும்போது மட்டும் என்ன இந்த அழுத்து அழுத்தறே?"

"கை தவறலைங்க. அது பொம்பளைதான்."

"தகரம் அடிச்ச கதவும்மா. பொம்பளையா உடைப்பா? அந்தச் சூப்பர்வைசர் கதைதான் இது. பேரைப் போடாம விட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"நாளைக்குக் காலையில இதைக் குடுத்தாகணும். அடுத்த பக்கத்தைப் படி."

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். எப்படியும் இறுதிப் படியை எழுதினவர் பார்ப்பார், அவர் சரிசெய்துவிடுவார் என்ற எண்ணம் ஒரு பக்கம். இவரிடம் பேசி ஜெயித்த அனுபவம் அவளுக்கு இல்லை என்பது எல்லாவற்றுக்கும் மேல். அவள் அடுத்த பக்கத்தைப் படித்தாள். பெயரே வேண்டாம் என்றவளுக்கு அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரே இடம் அந்த மூன்று 'ள்'தான். அதையும் ஒற்றர் ஒரு நொடியில் பிடுங்கி எறிந்துவிட்டார்.

அவசரத்தில் இறுதிப் படி ஆசிரியைக்குப் போகவே இல்லை. நேரே அச்சுக்குப் போனது.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஒற்றரின் மகள் புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அம்மா சொல்லி வைத்திருந்ததால் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பெரியம்மாவின் கட்டிலுக்கு ஓடினாள். அக்கா தங்கையிடம் தூக்கிவிடச் சொல்லி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலைமுடியையும் ஒதுக்கிவிடச் சொன்னாள்.

குழந்தை கணீரென்று படித்தாள். "ஓர் இளம் தொழிலாளி இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கதவை உடைத்தான். உள்ளே சிக்கியிருந்தவர்களை வெளியேற்றினான்."

அக்கா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பாப்பா அவன்?"

"தெரியலை பெரியம்மா. படம் போட்டிருக்கு, பாருங்க."

ஓவியர் எழுத்தைப் படித்துத்தானே வரைவார்? நல்ல முறுக்கு மீசையோடு, புஜம் புடைக்க ஒருவன் இஸ்திரிப் பெட்டியை ஓங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு படுக்க வைக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒற்றர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"அந்தக் கதவை உடைச்சது எங்கக்கா," என்றாள். "இஸ்திரிப் பெட்டிக்குக் கைப்பிடி கழண்டு போச்சு. சூடா இருந்த பெட்டியையே ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு அடிச்சிருக்கா. தீயில வெந்த கைன்னு நீங்க நெனைச்சுக்கிட்டு இருக்கீங்களே, அது பெட்டியில வெந்த கை. அந்தச் சூப்பர்வைசர்தான் வெளியில பூட்டிட்டுப் போனவரு. இதையெல்லாம் சொல்ல வந்தப்பதான் அடுத்த பக்கத்தைப் படின்னீங்க."

ஒற்றர் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தார். நடந்ததைச் சொன்னார்.

"மரியாதையா 'உடைத்தார்'னு எழுதலாம்னுதான் முதல்ல நெனைச்சேன்," என்றார் ஆசிரியை. "எழுதினா எல்லாரும் ஆம்பளைன்னுதான் படிப்பாங்க. நம்ம பழக்கம் அப்படி. அவங்க பொம்பளைன்னு தெரியணுமேங்கறதுக்காகவே மரியாதையைக் குறைச்சு 'உடைத்தாள்'னு எழுதினேன். அதையும் விட்டுவைக்கலையா நீங்க?"

மறுநாள் ஒற்றர் மேலாளர் அறையில் போய் நின்றார். மேலாளர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அர்த்தம் மாறிடுச்சா? கதவு உடைஞ்சதா இல்லையா?"

"உடைஞ்சது சார். ஆனா உடைச்சது..."

"யாரு உடைச்சா என்ன? ஒரு எழுத்துக்காக இத்தனை புத்தகத்தையும் திரும்ப அடிக்கச் சொல்றீங்களா?"

"பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு உள்ள ஒட்டிடலாமே."

"ஒட்டலாம். யார் பண்ணின தப்புன்னு மேல கேப்பாங்க. உங்க பேரைத்தான் சொல்லணும். உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்லை. பேசாம இருங்க, அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

வேலை என்றதும் ஒற்றர் "சரிங்க சார்" என்று திரும்பி வந்துவிட்டார். ஒரு கதவை உடைக்க வெறும் கையால் சுட்ட இரும்பைப் பிடித்தவள் வீட்டில் படுத்திருந்தாள். இவரால் மேலாளரின் மேஜைக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் பேச முடியவில்லை.

சரி, அக்காவிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் தள்ளிப்போட்டார். இன்றைக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, நாளைக்குச் சொல்வோம் என்பார். மறுநாள் இன்று கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள், போட்டுக் குழப்புவானேன் என்பார். ஒருதரம் மட்டும் துணிந்து, "அக்கா, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அவ்வளவு வருஷத்தில் முதல்முறை.

அக்கா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்கும் சரியா நெனைவில்ல தம்பி. ஒரே பொகை. அடிச்சேன்னுதான் இத்தனை நாள் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பக்கத்துல யாராச்சும் ஆம்பளை நின்னு அடிச்சாரோ என்னவோ. பொஸ்தகத்துல போட்டிருக்காங்கன்னா விசாரிக்காமலா போடுவாங்க?"

அப்போது சொல்லியிருக்கவேண்டும். நான்தான் மாற்றினேன் அக்கா, நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று இரண்டே வரி. ஒற்றர் மாத்திரை டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனார். மனைவி எத்தனையோ முறை அக்காவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "நீ என் மேல இருக்கிற பாசத்துல சொல்றே" என்று அவள் கேட்கவே மாட்டேன் என்றாள்.

பரீட்சை வந்தது. குழந்தை புத்தகத்தோடு கட்டிலருகே வந்து நின்றாள்.

"பெரியம்மா, கதவை உடைத்தாள்னு எழுதவா, உடைத்தான்னு எழுதவா? அம்மா அது நீங்கதான்னு சொல்றாங்க."

மூச்சை இழுத்து இழுத்துத்தான் அக்காவால் பேச முடிந்தது. "பொஸ்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே எழுதும்மா. மார்க் போயிடப் போவுது."

குழந்தை அப்படியே எழுதினாள். முழு மார்க் வந்தது. விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டியபோது அக்கா ஒட்டிப்போன விரல்களால் அவள் கன்னத்தைத் தடவி, கெட்டிக்காரி என்றாள். ஒற்றர் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, கூடத்தில் வாடகை நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார், அச்சகத்துக்காரர்கள், எழுதின ஆசிரியை. மேலாளரும் வந்திருந்தார். துக்க வீட்டில் ஏதாவது சொல்லவேண்டுமே என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாவம். குடும்பம், குழந்தைன்னு ஒண்ணும் இல்லாம, ஏதோ உங்க நிழல்ல காலத்தைத் தள்ளிட்டாங்க. வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை."

எதிர்வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒற்றர் எழுந்து நின்றார்.

"தெரியாமப் போகலை சார். நான்தான் தெரியவிடாமப் பண்ணிட்டேன். நீங்க தியேட்டர்ல, ஆஸ்பத்திரியில, உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தள்ளிட்டு வெளிய வர்ற கதவு ஒவ்வொண்ணும் அவங்க வாங்கிக் குடுத்தது. சுட்ட இரும்பைக் கையில புடிச்சு வாங்கிக் குடுத்தது. எழுதினவங்க அதைச் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஒரு பொம்பளை இதைச் செஞ்சிருக்க முடியாதுன்னு நான்தான் பேனாவை எடுத்து அவங்களை ஆம்பளையாக்கினேன். வரலாற்றுல பொம்பளைங்க இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல்லேருந்து இருந்தாங்க. செஞ்சாங்க, செத்தாங்க. என்னை மாதிரி ஆளுங்க மேஜையில உக்காந்து ஒவ்வொரு எழுத்தா அவங்களை எடுத்துப் போட்டுட்டோம்."

மேலாளர் நாற்காலியில் நெளிந்தார்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்? நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாமே."

"நாளைக்குப் பிழைதிருத்தச் சீட்டு அச்சுக்குப் போகணும் சார். தப்புப் பண்ணினது நான்னு என் பேரைப் போட்டே போகட்டும். வேலை போனாப் போகுது."

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர், எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அது உள்ளறை வாசலில் நின்றிருந்த மனைவியின் காதிலும் விழுந்தது. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஊர் முன்னால நல்லாத்தான் பேசறீங்க. இதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, அவ கட்டில் பக்கத்துல உக்காந்து சொல்லியிருந்தா போதும். தான் செஞ்சதைத் தான்தான் செஞ்சோம்னு நம்பிக்கிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பா. யாரோ ஒரு ஆம்பளை செஞ்சதைத் தான் செஞ்சதா நெனைச்சுட்டோம்னு கூச்சப்பட்டுக்கிட்டே செத்தா எங்கக்கா. இனிமே பொஸ்தகத்துல போடுங்க, கல்லுல வெட்டுங்க, அவளுக்கு என்ன? ஒருத்தி செஞ்சதை அவதான் செஞ்சதுன்னு சொல்லணும்னா, அவ காது கேக்கும்போதே சொல்லிடணும்."